ஒரே பேன்ல சீஸி பீஃப் பாஸ்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுக் கொத்துக்கறி, பாஸ்தா, தக்காளி, சீஸ், இந்த நாலும் ஒரே பேன்ல வெந்து அரை மணி நேரத்துல ராத்திரி சாப்பாடு ரெடி ஆகுற டிஷ் இது. பல வருஷமா வாரத்துக்கு ஒரு தடவையாவது பண்றேன். பண்ணிப் பாத்த தெரிஞ்சவங்க "கறி சாம்பல் கலர்ல இருக்கு", "பாஸ்தா குழைஞ்சு போச்சு", "சீஸ் திரிஞ்சு மேல எண்ணெய் மிதக்குது"ன்னு வந்து கேட்ட கேள்விங்கதான் கீழ இருக்கு. ஒண்ண மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், இதுல அவசரப்படக் கூடாத இடம் ரெண்டே ரெண்டுதான்: கறி சிவக்குற முதல் சில நிமிஷம், அப்புறம் சீஸ் போடுறதுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சுட்டு சும்மா நிக்குற ரெண்டு நிமிஷம். மத்த எல்லாத்தையும் எவ்வளவு வேகமா வேணாலும் பண்ணிக்கோங்க.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேணும்?

பீஃப் கொத்துக்கறி 500 கிராம், மக்ரோனி மாதிரி குட்டி பாஸ்தா 250 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், 400 கிராம் டின் தக்காளி ஒண்ணு, பீஃப் ஸ்டாக் (கறியும் எலும்பும் கொதிக்க வச்சு வடிச்ச சாறு) இல்லன்னா சிக்கன் ஸ்டாக் 500 மில்லி, துருவின சீஸ் 150 கிராம், பால் இல்லன்னா க்ரீம் கால் கப். மசாலாவுக்கு பாப்ரிகா பவுடர் 1 டீஸ்பூன், ஆரிகனோ 1 டீஸ்பூன், மிளகுத்தூள், உப்பு, வூஸ்டர்ஷர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன். பக்கத்துல ஒரு கப் சுடுதண்ணி தயாரா வச்சுக்கோங்க, அது எதுக்குன்னு கீழ வரும்.

செய்முறைய ஒரு தடவை முழுசா சொல்லுங்களேன்?

பேன நல்லா காய வச்சு, கொஞ்சமா எண்ணெய் விட்டு, கறிய போட்டு தட்டையா அமுக்கி விட்டுட்டு மூணு நாலு நிமிஷம் தொடாம விடுங்க. அடிப்பக்கம் நல்ல பிரவுன் ஆனதும் திருப்பி, கரண்டியால உடைச்சு விட்டு இன்னும் மூணு நிமிஷம். அதிகமா இருக்குற கொழுப்ப எடுத்துட்டு பொடியா நறுக்கின வெங்காயத்த போட்டு வதக்குங்க, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பூண்டு, அது வாசம் வந்ததும் தக்காளி பேஸ்ட், மசாலாத்தூள் எல்லாம் போட்டு ஒரு ரெண்டு நிமிஷம் கிளறுங்க. பேஸ்ட் பளிச்சுனு இருந்த சிவப்பு மாறி செங்கல் கலருக்கு வரணும், அப்பத்தான் அந்த டின் வாசம் போகும். அடுத்து டின் தக்காளி, ஸ்டாக், வூஸ்டர்ஷர் சாஸ் ஊத்தி பேன் அடியில ஒட்டியிருக்குறத மரக்கரண்டியால சுரண்டி விடுங்க. கொதி வந்ததும் பச்சை பாஸ்தாவ அப்படியே போட்டு, எல்லாம் முங்குற மாதிரி அமுக்கி விட்டு, தீயக் குறைச்சு மூடி போட்டு 10-லருந்து 13 நிமிஷம். நடுவுல ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியோட கிளறி விடணும். பாஸ்தா வெந்ததும் அடுப்ப அணைங்க, பால ஊத்தி கிளறுங்க, ரெண்டு நிமிஷம் பொறுங்க, சீஸ கைப்பிடி கைப்பிடியா தூவி கலந்து விடுங்க. அவ்வளவுதான்.

பீஃப்ல எத்தனை சதவீதம் கொழுப்பு இருக்குறது வாங்கணும்?

பாக்கெட்ல 80/20, 85/15, 90/10ன்னு போட்டிருப்பாங்க, முதல் நம்பர் கறி, ரெண்டாவது கொழுப்பு. இந்த டிஷ்ஷுக்கு என்னோட தேர்வு 85/15 தான். 80/20 ருசியா இருக்கும் ஆனா எண்ணெய் நிறைய விடும், மேல சீஸ் வேற சேருறதால கடைசில திகட்டும், கண்டிப்பா வடிக்கணும். 90/10, அதுக்கும் கீழ உள்ளது வாங்கினா வடிக்கிற வேலை மிச்சம், ஆனா கறி கொஞ்சம் வறண்டு நறுக்நறுக்குன்னு இருக்கும், அதுக்கு முதல்ல ஒரு ஸ்பூன் எண்ணெய் கூட விட்டுக்கோங்க.

கறி சிவக்கவே மாட்டேங்குது, தண்ணி விட்டு சாம்பல் கலர்ல வேகுது, என்ன தப்பு பண்றேன்?

நிறைய பேருக்கு இதுதான் நடக்குது, டிஷ்ஷோட ருசில பாதி இங்கதான் போகுது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

கறி பிரவுன் ஆகும்போது ஒரு தனி வாசம் வருதே, அத ஃப்ரெஞ்ச் கெமிஸ்ட் லூயி கமீல் மயார் 1912-ல முதல் தடவையா எழுதினாரு, அதனாலதான் அதுக்கு மயார் ரியாக்‌ஷன்னு பேரு. புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து நூத்துக்கணக்கான புது வாசனைகள உண்டாக்குது. அது வேகமா நடக்க கறியோட மேல்பரப்பு கிட்டத்தட்ட 140 டிகிரி செல்சியஸ் தாண்டணும். தண்ணியோ 100 டிகிரிலயே கொதிச்சு ஆவியாகும். பேன்ல தண்ணி தேங்கி நிக்குற வரைக்கும் சூடு அந்த 100-அ தாண்டாது, கறி வறுபடாது, அவிஞ்சுதான் போகும்.

தண்ணி தேங்குறதுக்கு காரணம் மூணு. பேன் சரியா காயல. பேன் சின்னது, கறி அதிகம். போட்ட உடனே கரண்டிய விட்டு கிண்டிகிட்டே இருக்கீங்க. மூணாவதுதான் ரொம்பப் பேரு பண்றது, கை சும்மா இருக்க மாட்டேங்குது. கறிய பேன்ல போட்டதும் சர்ர்ருனு ஒரு கூர்மையான சத்தம் வரும் பாருங்க, அது கொஞ்ச நேரத்துல தண்ணி கொதிக்கிற மாதிரி பொளபொளன்னு மந்தமா மாறினா தண்ணி விட்டுருச்சுன்னு அர்த்தம். அப்ப தீயக் கூட்டி, கிளறாம விடுங்க. தண்ணி வத்தினதும் பழையபடி சர்ர்ருனு வறுபடுற சத்தம் வரும், அதுக்கப்புறம்தான் கலர் ஏறும். நான் இப்பல்லாம் பேன எட்டிப் பாக்குறதே இல்ல, வெங்காயம் நறுக்கிகிட்டே காதாலதான் கவனிக்குறேன்.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் பேப்பர் டவலால கறி மேல இருக்குற ஈரத்த ஒத்தி எடுத்தாலே பாதிப் பிரச்சினை போயிரும். இன்னொரு வழி, 500 கிராம் கறிக்கு கால் டீஸ்பூன் சமையல் சோடாவ ஒரு ஸ்பூன் தண்ணில கரைச்சு பிசறி 15 நிமிஷம் வச்சுட்டு வறுத்துப் பாருங்க. சோடா கறியோட அமிலத்தன்மைய குறைக்கிறதால தண்ணிய உள்ளயே பிடிச்சு வச்சுக்கும், கலரும் சீக்கிரம் ஏறும். கால் டீஸ்பூனுக்கு மேல போட்டீங்கன்னா சோப்பு ருசி வந்துரும், அளந்துதான் போடணும்.

கொத்துக்கறிய கழுவணுமா?

வேணாம். கொத்தின கறி தண்ணிய உறிஞ்சிக்கும், அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் சிவக்காது. அதுவும் இல்லாம கழுவினா கிருமி போகாது, தண்ணி தெறிச்சு சிங்க், பக்கத்துல இருக்குற பாத்திரம் எல்லாத்துலயும் பரவும். கிருமி சூட்டுலதான் சாகும்.

வெந்துருச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஸ்டேக் மட்டும் உள்ள சிவப்பா சாப்பிடுறாங்களே?

முழுத் துண்டு கறில கிருமி பெரும்பாலும் மேல்பரப்புலதான் இருக்கும், மேல நல்லா சுட்டா போயிரும். கொத்தும்போது அந்த மேல்பரப்பு முழுக்க உள்ள கலந்துருது, அதனால கொத்துக்கறிய முழுசா வேக வச்சே ஆகணும். தெர்மாமீட்டர்ல 71 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்ல 160. ஈ.கோலை மாதிரி கிருமிங்கள நம்பி விளையாட முடியாது, முக்கியமா குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பமா இருக்குறவங்க சாப்பிடுற வீட்டுல. கலர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சில கறி வேகுறதுக்கு முன்னாடியே பிரவுன் ஆயிரும், சிலது வெந்தும் லேசா ரோஸ் கலர்ல இருக்கும். இந்த டிஷ்ல ஒரு நிம்மதி என்னன்னா கறி வறுபட்டதுக்கு அப்புறமும் கொதிக்கிற சாஸ்ல பத்து நிமிஷத்துக்கு மேல வேகுது, முதல்லயே நல்லா உடைச்சு விட்டிருந்தா வேகாம போக வாய்ப்பே இல்ல. பெரிய கட்டி இல்லாம மட்டும் பாத்துக்கோங்க.

கொழுப்ப முழுசா வடிச்சுரலாமா?

ஒரு டேபிள்ஸ்பூன் அளவு விட்டு வைங்க, வெங்காயம் வதங்க அது வேணும், பீஃப் ருசியும் அதுலதான் இருக்கு. மீதிய பேன சாய்ச்சு ஸ்பூனால எடுத்து ஒரு பழைய டின்லயோ கிண்ணத்துலயோ ஊத்தி, ஆறி உறைஞ்சதும் குப்பைல போடுங்க. சிங்க்ல ஊத்தாதீங்க, சூடா இருக்கும்போது ஓடிரும் ஆனா குழாய்க்குள்ள போய் உறைஞ்சு அடைச்சுக்கும்.

கறி ஃப்ரீசர்ல கல்லு மாதிரி இருக்கு, இப்ப பண்ண முடியுமா?

முடியும். ஆனா நேரம் ஒண்ணரை மடங்கு ஆகும். மிதமான தீல பேன்ல கட்டியாவே வச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி, அடிப்பக்கம் இளகினதும் அத சுரண்டி விட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கத்த சுரண்டி... இப்படியே முழுசும் உதிர்ந்ததும் மூடிய எடுத்து தண்ணி வத்துற வரைக்கும் விட்டு சிவக்க விடுங்க. கலர் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அத சரிக்கட்ட தக்காளி பேஸ்ட்ட இன்னும் நல்லா வறுங்க. சமையல் மேடைல மணிக்கணக்கா வச்சு இளக விடுறது மட்டும் வேணாம், முந்தின நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜ்ல கீழ்தட்டுல வைக்கிறதுதான் சரியான வழி.

எந்த பாஸ்தா நல்லா இருக்கும்?

குட்டியா, ஸ்பூனால அள்ளுற சைஸ்ல இருக்குறது. மக்ரோனி, ஷெல், ஃபுசிலி, பென்னே. எனக்கு ரொம்பப் பிடிச்சது நடுத்தர சைஸ் ஷெல், அதோட குழிக்குள்ள கறியும் சாஸும் போய் உக்காந்துக்கும், ஒவ்வொரு வாய்க்கும் எல்லாமே வரும். ஸ்பகெட்டிதான் இருக்குன்னா மூணா உடைச்சுப் போடுங்க, ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கூட கிளறணும். லசான்யா ஷீட் மிச்சம் இருந்தா கையால உடைச்சுப் போடலாம், அருமையா வரும். க்ளூட்டன் இல்லாத பாஸ்தான்னா பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே பாருங்க, அதிகமா கிளறாதீங்க, பொடிப்பொடியா உடைஞ்சுரும்.

பாஸ்தாவ தனியா வேக வச்சு கலந்தா என்ன ஆகும்?

நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற டிஷ். தனியா வேக வச்சா பாஸ்தால இருந்து வர்ற மாவுச்சத்து எல்லாம் வடிக்கிற தண்ணியோட போயிருது. ஒரே பேன்ல வேகும்போது அந்த மாவுச்சத்து சாஸ்லயே இறங்கி அத கெட்டியாக்குது, கடைசில போடுற சீஸ் பிரியாம சாஸோட கலந்து நிக்குறதுக்கும் அதுதான் துணை. பாஸ்தாவும் வெறும் தண்ணிய குடிக்காம ஸ்டாக்கையும் தக்காளியையும் குடிச்சு உள்ள வரைக்கும் ருசி ஏறிடும். ஒரு பாத்திரம் கழுவுறது மிச்சம்ங்கறது கூடுதல் சந்தோஷம்.

ஒரு தடவை தண்ணியா போகுது, ஒரு தடவை அடிப்பிடிக்குது. தண்ணி அளவ எப்படி சரியா வைக்கிறது?

250 கிராம் பாஸ்தாவுக்கு 400 கிராம் டின் தக்காளி, கூட 500 மில்லி ஸ்டாக், இத ஆரம்பமா வச்சுக்கோங்க. ஆனா இது சத்தியப் பிரமாணம் கிடையாது. அகலமான பேன்னா ஆவி அதிகம் போகும், மூடி சரியா உக்காரலன்னா இன்னும் போகும், பாஸ்தா பிராண்டுக்கு பிராண்ட் குடிக்கிற அளவு மாறும். அதனாலதான் பக்கத்துல சுடுதண்ணி வைக்கச் சொன்னேன். வத்துற மாதிரி தெரிஞ்சா கால் கப் கால் கப்பா ஊத்துங்க, பச்சத்தண்ணி ஊத்தினா கொதி அடங்கி பாஸ்தா வெளிய குழைஞ்சு உள்ள வேகாம நிக்கும்.

பதம் பாக்குற விதம் இது: பாஸ்தா வெந்ததும் மரக்கரண்டிய பேனோட நடுவுல ஒரு கோடு இழுங்க. இழுத்த இடத்துல பேன் அடி ஒரு நொடி தெரிஞ்சு அப்புறம் சாஸ் மெதுவா வந்து மூடினா சரியான பதம். கோடே தெரியாம உடனே மூடிகிட்டா இன்னும் தண்ணி இருக்கு, மூடிய எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. கோடு அப்படியே நின்னுச்சுன்னா கொஞ்சம் தண்ணி சேருங்க. இதுல ஒண்ணு கவனிக்கணும், அடுப்ப அணைச்சு சீஸ் போட்டு அஞ்சு நிமிஷம் ஆனா இன்னும் நல்லா கெட்டியாகும், பாஸ்தா குடிச்சுகிட்டேதான் இருக்கும். அதனால அடுப்புல இருக்கும்போது "இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லா இருக்கும்"னு தோணுற இடத்துலயே நிறுத்திருங்க.

பாக்கெட்ல 8 நிமிஷம்னு போட்டிருக்கு, எனக்கு 12 நிமிஷம் ஆகியும் வேகல?

பாக்கெட் நேரம் ஒரு பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது உள்ள கணக்கு. இங்க இருக்குறது கெட்டியான தக்காளி சாஸ், பாஸ்தாவுக்கு கிடைக்கிற தண்ணியும் கம்மி, தீயும் கம்மி. ரெண்டு மூணு நிமிஷம், சில சமயம் நாலு நிமிஷம் கூட ஆகுறது சாதாரணம். ஒண்ணு ரெண்டு பாஸ்தா சாஸுக்கு மேல தலைய நீட்டிகிட்டு இருந்தா அது மட்டும் வேகாம பல்லுல கடிபடும், கிளறும்போது அமுக்கி விடுங்க.

சீஸ்ல எது போடலாம்?

நல்லா உருகுற சீஸ். ரொம்ப நாள் பழுக்காத இளசான செடார், மாண்ட்ரே ஜாக், கோல்பி, கௌடா, மொஸரெல்லா இதெல்லாம் நல்லா உருகும். மொஸரெல்லா மட்டும் போட்டா நூல் நூலா இழுக்கும், பாக்க அழகு, ருசி கம்மி. நான் 100 கிராம் செடார், 50 கிராம் மொஸரெல்லா கலந்து போடுறேன். ரொம்ப நாள் பழுத்த செடார்ல ருசி தூக்கலா இருக்கும் ஆனா தண்ணிச்சத்து கம்மி, புரதமும் உடைஞ்சு போயிருக்கும், அதனால சூட்டுல சட்டுனு எண்ணெய் பிரியும். அத ஒரு கைப்பிடி ருசிக்காக மட்டும் சேருங்க. பார்மெஸான் உருகுற சீஸே இல்ல, பரிமாறும்போது மேல தூவ வச்சுக்கோங்க.

சீஸ் போட்டதும் திப்பி திப்பியா ஆகி எண்ணெய் மிதக்குது, ஏன்?

சூடு அதிகம், வேற ஒண்ணும் இல்ல. சீஸ்ங்கறது புரத வலைக்குள்ள கொழுப்பும் தண்ணியும் அடைபட்டு இருக்குற ஒரு பொருள். செடார் உருக கிட்டத்தட்ட 65 டிகிரி போதும், மொஸரெல்லா மாதிரி மெத்துன்னு இருக்குறதுக்கு அதுக்கும் கம்மி. நீங்க கொதிச்சுகிட்டு இருக்குற சாஸ்ல, அதாவது 100 டிகிரில கொண்டு போய் போடுறீங்க. புரதம் சுருங்கி முறுக்கிப் பிழியுது, உள்ள இருந்த கொழுப்பு வெளிய வந்துருது. துணிய பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரிதான்.

அதனால அடுப்ப அணைங்க, பேன அந்த சூடான பர்னர்ல இருந்தும் நகர்த்துங்க, பொங்குற குமிழ் எல்லாம் முழுசா அடங்குற வரைக்கும் ரெண்டு நிமிஷம் காத்திருங்க. அப்புறம் சீஸ ஒரே நேரத்துல கொட்டாம மூணு தடவையா தூவி, ஒவ்வொரு தடவையும் உருகினதுக்கு அப்புறம் அடுத்தது. மெதுவா கலக்குங்க. மொத்தமா கொட்டினா நடுவுல ஒரு கட்டியா உருண்டு கரண்டியிலயே ஒட்டிக்கும். ஒருநாள் ரொம்பப் பசியோட வந்த விருந்தாளிங்களுக்கு அவசரத்துல கொதிக்கும்போதே போட்டு, மேல ஆரஞ்சு கலர்ல எண்ணெய் ஏடு கட்டின டிஷ்ஷத்தான் வைக்க வேண்டியதாப் போச்சு, அன்னைலருந்து அந்த ரெண்டு நிமிஷத்த நான் விட்டதே இல்ல.

ஏற்கனவே திரிஞ்சு போச்சு, காப்பாத்த வழி இருக்கா?

பெரும்பாலும் காப்பாத்திரலாம். அடுப்ப அணைச்சுட்டு ரெண்டு மூணு ஸ்பூன் சூடான பாலோ தண்ணியோ விட்டு வேகமா கலக்குங்க, பாதி சரியாயிரும். இன்னும் பிரிஞ்சே இருந்தா ஒரு ஸ்லைஸ் ப்ராஸஸ்டு சீஸ கிழிச்சுப் போடுங்க. 1911-ல ஸ்விட்சர்லாந்துல வால்ட்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஷ்டெட்லர்னு ரெண்டு பேரு உருக்கின சீஸ்ல சோடியம் சிட்ரேட் சேர்த்தா கொழுப்பு பிரியாம இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, ப்ராஸஸ்டு சீஸ் அங்கருந்துதான் வந்துச்சு. அந்த மாதிரி உப்பு இன்னைக்கும் அந்த ஸ்லைஸ்ல இருக்கு, உங்க பேன்ல பிரிஞ்ச சீஸையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். ப்ராஸஸ்டு சீஸ்னா சில பேரு முகம் சுளிப்பாங்க, இந்த வேலைக்கு அத விட நல்லது எதுவும் கிடையாது.

பாக்கெட்ல துருவியே வர்ற சீஸ் போடலாமா?

போடலாம், ஆனா ஒட்டாம இருக்க அதுல உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பாங்க, அதனால கட்டி சீஸ வாங்கி நீங்களே துருவினது அளவுக்கு வழவழப்பா வராது. ரெண்டு நிமிஷ வேலைதானே, துருவிருங்க.

பால் ஊத்தினதும் திரியுது?

தக்காளி புளிப்பு, சூடு, ரெண்டும் சேர்ந்தா பால் திரியும். கடைசில அடுப்ப அணைச்சுட்டு, பால வெதுவெதுன்னு சூடு பண்ணி ஊத்துங்க. முழுக் கொழுப்பு பாலா இருக்கணும், கொழுப்பு எடுத்த பால் ரொம்ப சீக்கிரம் திரியும். கெட்டி க்ரீம் அவ்வளவு சுலபமா திரியாது, பயமா இருந்தா அதையே போடுங்க. க்ரீம் சீஸ் ரெண்டு ஸ்பூன் போட்டாலும் சாஸ் பட்டு மாதிரி வரும்.

எல்லாம் போட்டும் சப்புன்னு இருக்கு?

முதல்ல கறி நல்லா சிவந்துச்சா, பேஸ்ட் வறுபட்டுச்சான்னு பாருங்க. அந்த ரெண்டும் சரின்னா பெரும்பாலும் குறைவது புளிப்பு. சீஸும் கொழுப்பும் நாக்க மூடிரும், கடைசில அரை டீஸ்பூன் வினிகரோ கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ விட்டா எல்லா ருசியும் எழுந்து நிக்கும். வூஸ்டர்ஷர் சாஸ் இல்லன்னா சோயா சாஸ் ஒரு ஸ்பூன். மீன் ஒத்துக்காதவங்க வீட்டுல இருந்தா ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, வூஸ்டர்ஷர் சாஸ்ல வழக்கமா நெத்திலி மாதிரி மீன் சேர்ப்பாங்க, பாட்டில்ல பாத்துட்டு போடுங்க.

உப்பு கரிக்குது?

ஸ்டாக் க்யூப்ல உப்பு, சீஸ்ல உப்பு, சாஸ்ல உப்பு. அதனால கறி வறுக்கும்போது ஒரு சிட்டிகை மட்டும், மீதிய சீஸ் கலந்து ருசி பாத்துட்டு போடுங்க. ஏற்கனவே கரிச்சா க்ரீமும் கொஞ்சம் உப்பில்லாத தக்காளியும் சேர்த்து சமாளிக்கலாம்.

காய்கறி சேர்த்தா கெட்டுப் போகுமா?

போகாது, எப்ப சேர்க்குறீங்கங்கறதுதான் விஷயம். குடமிளகாய், துருவின கேரட் வெங்காயத்தோட. காளான் நிறைய தண்ணி விடும், அத கறிக்கு முன்னாடியே தனியா வறுத்து எடுத்து வச்சுருங்க. ஃப்ரோஸன் பட்டாணி, ஸ்வீட் கார்ன் பாஸ்தா வேக மூணு நிமிஷம் இருக்கும்போது. கீரை வகை எதுவா இருந்தாலும் அடுப்ப அணைக்கும்போது, அந்த சூட்டுலயே சுருண்டுரும். காய் தொடாத குழந்தை இருக்குற வீட்டுல துருவின கேரட் நல்ல வழி, சாஸோட சாஸா கரைஞ்சுரும், தக்காளியோட புளிப்பையும் கொஞ்சம் அடக்கும்.

எந்த பேன்?

30 சென்டிமீட்டர் அகலம், நேரான உயரமான விளிம்பு, சரியா பொருந்துற மூடி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கறி ஒட்டும், அந்த ஒட்டினதுதான் ஸ்டாக் ஊத்தினதும் கரைஞ்சு ருசியாகும், எனக்கு அதுதான் பிடிக்கும். இரும்பு பேன் நல்லா பழகினதா இருந்தா தாராளமா பண்ணலாம், அரை மணி நேரத் தக்காளி அத ஒண்ணும் பண்ணாது, ஆனா மிச்சத்த அதுலயே ராத்திரி முழுக்க விட்டு வைக்காதீங்க, இரும்பு ருசி ஏறிடும், பழகின படலமும் போயிரும். நான்ஸ்டிக்ல பண்ணலாம்தான், ஆனா வெறும் பேன ரொம்ப காய வைக்கக் கூடாது.

பீஃப் வேணாம்னா வேற என்ன?

சிக்கன் கொத்துக்கறி, வான்கோழி, ஆட்டுக்கறி எல்லாம் இதே முறைதான். சிக்கனும் வான்கோழியும் 74 டிகிரி வரைக்கும் போகணும், கொழுப்பு கம்மிங்கறதால எண்ணெய் கூட விடுங்க. கறியே வேணாம்னா சோயா க்ரான்யூல்ஸ ஊற வச்சு ஒட்டப் பிழிஞ்சு, பொடியா நறுக்கின காளானோட சேர்த்து நல்லா வறுத்துப் பண்ணலாம், ஸ்டாக்கையும் காய்கறி ஸ்டாக்கா மாத்திக்கோங்க.

எட்டு பேருக்கு டபுளா பண்ணலாமா?

அகலமான பெரிய பாத்திரம் இருந்தா பண்ணலாம். கறிய ரெண்டு ஈடா வறுங்க, இல்லன்னா மறுபடி அந்த சாம்பல் கலர்தான். ஸ்டாக்க 1 லிட்டரா ஊத்தாம முதல்ல 800 மில்லி ஊத்துங்க, பாத்திரம் ஆழமா இருக்குறதால ஆவி அந்த அளவுக்கு போகாது. பாஸ்தா அடியில மொத்தமா படுத்துக்கும், கிளறுறத மட்டும் விடாதீங்க.

பாக்கெட்ல வர்ற மிக்ஸ் வாங்கினா வேலை மிச்சம்தானே?

1971-ல அமெரிக்கால ஜெனரல் மில்ஸ் கம்பெனி ஹாம்பர்கர் ஹெல்ப்பர்னு ஒரு பெட்டிய நாடு முழுக்க கொண்டு வந்துச்சு, உலர்ந்த பாஸ்தா, மசாலா பாக்கெட், நீங்க ஒரு பவுண்டு கறி மட்டும் சேர்த்தா போதும். ஒரே பேன்ல கறியும் பாஸ்தாவும்ங்கறத லட்சக்கணக்கான வீட்டுக்கு பழக்கினது அந்தப் பெட்டிதான், அதுக்கு மரியாதை உண்டு. ஆனா நேரத்த எண்ணிப் பாருங்க, பெட்டி மிக்ஸ்லயும் கறி வறுக்கணும், பாஸ்தா வேகணும், மிச்சமாகுறது வெங்காயம் நறுக்குற நேரமும் சீஸ் துருவுற நேரமும்தான். அந்த ஆறேழு நிமிஷத்துக்கு நிஜ சீஸும் உங்க கையில இருக்குற உப்பும் கிடைக்குதுன்னா எனக்கு அது லாபம்.

மிச்சம் ஆனத எத்தனை நாள் வைக்கலாம், எப்படி சூடு பண்றது?

சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுருங்க, ஆழமான டப்பால அமுக்கி வைக்காம தட்டையான டப்பால பரத்தி வச்சா சீக்கிரம் குளிரும். மூணு நாலு நாள் நல்லா இருக்கும். மறுநாள் பாத்தா பாஸ்தா சாஸ முழுக்க குடிச்சுட்டு கட்டியா நிக்கும், பயப்பட வேணாம். பேன்ல போட்டு ரெண்டு மூணு ஸ்பூன் பால் விட்டு, சின்னத் தீல மூடி வச்சு அப்பப்ப கிளறி முழுசும் நல்லா ஆவி பறக்க சூடாக்குங்க. மைக்ரோவேவ்னா பாதி பவர்ல வச்சு, நடுவுல ரெண்டு தடவை கிளறணும், முழு பவர்ல வச்சா ஓரத்துல சீஸ் எண்ணெய் விட்டுரும், நடுவுல சில்லுன்னே இருக்கும்.

முன்கூட்டியே பண்ணி ஃப்ரீசர்ல வைக்கலாமா?

பாஸ்தாவோட வைக்காதீங்க, இளகினதும் கூழா போயிரும். கறி, வெங்காயம், பேஸ்ட், தக்காளி வரைக்கும் பண்ணி ஆற வச்சு பையில தட்டையா போட்டு ஃப்ரீசர்ல வைங்க, ரெண்டு மூணு மாசம் ருசி குறையாம இருக்கும். நான் கறி வாங்குற அன்னைக்கே ஒரு கிலோவையும் சேர்த்து வறுத்து பாதிய இப்படி எடுத்து வச்சுருவேன், வேலை முடிஞ்சு களைச்சு வர்ற அன்னைக்கு அந்தப் பைய பேன்ல உடைச்சுப் போட்டு, ஸ்டாக் ஊத்தி, கொதி வந்ததும் பாஸ்தா போட்டா இருபது நிமிஷத்துல சீஸ் தூவுற இடத்துக்கு வந்துரலாம்.